துப்புவதற்கு ஒரு வெள்ளி வாளி

ஜனவரி 6

அன்புள்ள மருமகளுக்கு,

ஆசீர்வாதம். இங்கே நான் நலம். முழங்கால் மட்டும், குளிர் வந்தால், தானும் இந்த வீட்டில் ஓர் ஆள் என்று நினைவுபடுத்துகிறது. நீயும் சின்னுவும் பாப்பாவும் நலம்தானே? பாப்பாவின் முன்பல் விழுந்துவிட்டதா, இன்னும் ஆட்டிக்கொண்டு திரிகிறாளா என்று எழுது.

சுற்றி வளைக்கும் பழக்கம் எனக்கு இல்லை. மார்ச் மாதக் கடைசிச் சனிக்கிழமை நம் வீட்டில் மறுபடியும் விருந்து வைக்கப் போகிறேன். உன் மாமா தொடங்கிய குழந்தைகள் மருத்துவமனையில் தீக்காயப் பிரிவுக்குக் கட்டில் போதவில்லை. ஒரே கட்டிலில் இரண்டு பிள்ளைகளைப் படுக்க வைக்கிறார்கள் என்று தலைமை மருத்துவர் என் எதிரில் உட்கார்ந்து சொன்னபோது நான் பிஸ்கட் தட்டை நீட்டிக்கொண்டிருந்தேன். வெட்கமாகிவிட்டது.

உன் மாமா இருந்தவரை இந்த விருந்து ஓர் ஆண்டும் தவறியதில்லை. ஐந்து உணவு, ஒவ்வொன்றுக்கும் பொருத்தமான ஓர் ஒயின். வருகிறவர்கள் நாற்காலிக்கு நன்கொடை கொடுத்துவிட்டு உட்காருவார்கள். அவர் போனபின், சின்னுவின் உடல்நலக் குறைவும் சேர்ந்துகொள்ள, எல்லாம் நின்றுவிட்டது. இனி நிற்கக் கூடாது.

பெரிய ஹோட்டல் ஒன்றின் தலைமைச் சமையற்காரர் கூலி வாங்காமல் வருகிறார். ஒயின் வியாபாரி பாட்டில்களைச் சும்மா தருகிறார். ஆனால் ஒரு நிபந்தனை. "உங்க பையன் நின்னு பரிமாறினா தர்றேன்மா. வேற யாராச்சும் நின்னா அது வெறும் பார்ட்டி" என்கிறார். எந்த உணவுக்கு எந்த ஒயின் என்று சொல்ல வாயும் மூக்கும் உள்ளவன் சின்னு ஒருவன்தான். ஹோட்டலில் அந்தப் பிரிவுக்கே தலைவனாக இருந்தவன், இப்போது ஒரு மரச்சாமான் கடையில் ரசீது கிழித்துக்கொண்டிருப்பதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. இரண்டு மாதம் அவனை இங்கே அனுப்பு. அவனுக்கும் தனியாக எழுதியிருக்கிறேன்.

இந்த வீட்டில் தொலைபேசி கூடத்தின் நடுவில் இருக்கிறது. உன் வீட்டில் அவன் பக்கத்தில் இருக்கிறான். ஆகவே பேச வேண்டியதை எல்லாம் எழுதுவோம். உன் பரிசோதனைக்கூட முகவரிக்கே எழுதுகிறேன்.

அன்புடன்,
அத்தை

* * *

ஜனவரி 14

அன்புள்ள அத்தைக்கு,

வணக்கம். நாங்கள் மூவரும் சுகம். பல் விழுந்துவிட்டது. அதைத் தீப்பெட்டியில் போட்டு, வருகிறவர்களுக்கெல்லாம் திறந்து காட்டுகிறாள். உங்கள் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிறீர்களா? கொடுக்க மாட்டீர்கள் என்று தெரியும். இருந்தாலும் கேட்கிறேன்.

கடிதத்தை வேலை இடைவேளையில், ரத்தக் குழாய்கள் அடுக்கிய மேசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து படித்தேன். நீங்கள் 'உடல்நலக் குறைவு' என்று எழுதியிருக்கிறீர்கள். மன்னியுங்கள் அத்தை, அவர் குடித்தார். ஹோட்டலில் ஒயின் ருசி பார்ப்பதில் தொடங்கி, கடைசியில் எதையும் ருசி பார்க்காமலே குடித்தார். கல்லீரலைப் பற்றி மருத்துவர் சொன்னபோது நீங்களும் அந்த அறையில் இருந்தீர்கள்.

அவர் மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய அன்று நான் ஒன்றே ஒன்று சொன்னேன். இன்னொரு தடவை குடித்தால் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு என் அண்ணன் வீட்டுக்குப் போய்விடுவேன். கத்தவில்லை, அழவில்லை. பால் வாங்கி வரச் சொல்வதுபோலத்தான் சொன்னேன். அவருக்கு அது புரிந்தது. உங்களுக்கும் தெரிந்திருக்கட்டும்.

இப்போது நன்றாக இருக்கிறார். தினமும் பாப்பாவை ஸ்கூட்டரில் பள்ளியில் விட்டுவிட்டுத்தான் கடைக்குப் போகிறார். அவரை எதற்கு மறுபடியும் பாட்டில்களுக்கு நடுவில் நிறுத்த வேண்டும்?

ஆனால் உங்கள் கடிதம் வந்த அன்றே அவர் டிக்கெட் எடுத்துவிட்டார். "அம்மா கூப்பிட்டா எப்படிப் போகாம இருக்கறது? எனக்குத் தெரிஞ்ச வேலைன்னு ஒண்ணு இருக்கு. அதை ஒரு தடவை செஞ்சுட்டு வந்துடறேன்" என்றார். அவர் முகத்தைப் பார்த்தபின் என்னால் அதற்குமேல் பேச முடியவில்லை.

ஒரே ஒரு வேண்டுகோள். அவர் ஒயினின் பெயர் சொல்லட்டும், பாட்டில் திறக்கட்டும், ஊற்றட்டும். ருசி பார்க்க வேண்டாம்.

உங்கள்
மருமகள்

* * *

பிப்ரவரி 1

அன்புள்ள மருமகளுக்கு,

ஆசீர்வாதம். சின்னு சுகமாக வந்து சேர்ந்தான். இளைத்திருக்கிறான், அதைத் தவிர குறை சொல்ல ஒன்றும் இல்லை. நீ மூன்று வேளையும் நேரத்துக்குச் சாப்பிடுகிறாய் என்று நம்புகிறேன்.

உன் வேண்டுகோளைப் படித்தேன். ருசி பார்க்காமல் ஒயினை உணவோடு பொருத்த முடியாது. கண்ணை மூடிக்கொண்டு துணிக்கு நிறம் தேர்ந்தெடுக்க முடியுமா? ஆனால் ருசி பார்ப்பது வேறு, குடிப்பது வேறு. அதை அவனே எனக்குக் காட்டினான். ஒரு வாய் எடுத்து, நாக்கில் புரட்டி, காற்றை உள்ளே இழுத்து, பிறகு துப்பிவிடுகிறான். அதற்காக உன் மாமாவின் வெள்ளி ஐஸ் வாளியை எடுத்துக் கொடுத்திருக்கிறேன். பல் மருத்துவரிடம் வாய் கொப்பளிப்பதற்கும் இதற்கும் வித்தியாசம் இல்லை.

நானும் சும்மா இருக்கவில்லை. சாப்பாட்டு அறையில் ஜன்னல் வெளிச்சம் அவன்மேல் விழும்படி அவனை உட்கார வைத்து, நான் பக்கவாட்டில் உட்காருகிறேன். அங்கிருந்து அவன் தொண்டை எனக்கு நன்றாகத் தெரிகிறது. அது அசைகிறதா என்று மட்டும் பார்க்கிறேன். இதுவரை அசையவில்லை. மிச்சம் உள்ள பாட்டில்கள் அலமாரியில். சாவி என் இடுப்பில்.

நேற்று சமையற்காரர் வெண்ணெயில் பொரித்த மீனோடு வந்தார். எலுமிச்சை தாராளமாகப் பிழிந்திருந்தது. சின்னு ஒரு வெள்ளை ஒயினைத் தள்ளி வைத்தான். "மீன்ல இவ்வளவு புளிப்பு இருக்கும்போது இதைக் கொடுத்தா இது வெறும் தண்ணியாத் தெரியும். இதைவிடப் புளிப்பா ஒண்ணு வேணும்" என்றான். சமையற்காரர் என்னைப் பார்த்து, "அம்மா, பன்னண்டு வருஷமா நான் தப்பாச் சாப்பிட்டிருக்கேன்" என்றார். உன் மாமா இதைக் கேட்டிருக்க வேண்டும்.

வாளியை நான் சொல்லாமலே அவனே எடுத்துப்போய்க் கழுவிக் கவிழ்த்துவிடுகிறான். எச்சில் பாத்திரம் ஒரு நொடியும் நிற்கக் கூடாது என்று சின்ன வயதில் நான் சொல்லிக் கொடுத்தது இன்னும் மறக்கவில்லை.

பாப்பாவுக்கு முத்தங்கள்.

அத்தை

* * *

பிப்ரவரி 8

அன்புள்ள அத்தைக்கு,

வணக்கம். எனக்கு ஜலதோஷம், பெரிதாக ஒன்றும் இல்லை. பாப்பா நலம். உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தொண்டையைப் பார்ப்பதாக எழுதியிருக்கிறீர்கள். நானும் எட்டு வருடம் அதே தொண்டையைப் பார்த்தவள்தான். அது ஒன்றும் சொல்லாது அத்தை. ஹோட்டலில் இருந்த காலத்தில் இவர் விருந்தாளிகளோடு பேசிக்கொண்டே, சிரித்துக்கொண்டே விழுங்குவார். பக்கத்தில் நின்ற எனக்கே தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் பேசினார். என் அண்ணனை விசாரித்தார். அண்ணன் வீட்டு மாடிப்படி வேலை முடிந்ததா என்று கேட்டார். எங்கள் கல்யாணத்திலிருந்து இன்றுவரை அவர் என் அண்ணனைப் பற்றிக் கேட்டதே இல்லை.

வீட்டில் எப்படி இருக்கிறார்? சாப்பாடு, தூக்கம், பேச்சு, நடை எல்லாவற்றையும் எழுதுங்கள். நல்லதை மட்டும் பொறுக்கி எழுத வேண்டாம்.

உங்கள்
மருமகள்

* * *

பிப்ரவரி 19

அன்புள்ள மருமகளுக்கு,

ஆசீர்வாதம். ஜலதோஷத்துக்கு மிளகு போட்டுப் பால் குடி. எனக்கு ஒரு குறையும் இல்லை.

பொறுக்கி எழுதுகிறேன் என்று குற்றம் சாட்டுகிறாய். நல்லது மட்டுமே இருந்தால் நான் என்ன செய்ய? அவன் காலையில் எனக்கு முன்னால் எழுந்து, முகம் மழித்து, தலை வாரி, சட்டைப் பொத்தானை மேல்வரை போட்டுக்கொண்டு வருகிறான். வாசலில் கிடக்கும் செருப்புகளையெல்லாம் ஜோடி சேர்த்து வரிசையாக வைத்திருக்கிறான். கரண்டிகளை நீளவாரியாக அடுக்கினான். உன் மாமாவின் புத்தகங்களை உயரவாரியாக நிறுத்தினான். நான் பேசினால் குறுக்கே பேசுவதில்லை. "சரிம்மா", "அப்படியே செய்யலாம்மா". மென்மையான குரல். சின்ன வயதிலேயே இப்படி இருந்திருந்தால் எனக்கு எத்தனை தலைவலி மிச்சமாகியிருக்கும்.

விருந்துக் குழுவின் செயலாளர் அம்மாள் வந்திருந்தார். காகிதக் கைத்துண்டு போதும் என்று வாதாட வந்தவர், இவன் கதவைத் திறந்துவிட்டு, நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார வைத்ததில், வந்த வேலையையே மறந்துவிட்டுப் போனார். போகும்போது, "என் வீட்லயும் ஒண்ணு இருக்கு, தின்னுட்டுத் தட்டைக்கூட நகர்த்தாது. உங்ககிட்ட ரெண்டு மாசம் அனுப்பட்டுமா?" என்றார்.

ஐந்துக்கு நான்கு முடிவாகிவிட்டன. காளான் சூப்புக்கு இலேசான சிவப்பு. மீனுக்கு அந்தப் புளிப்பு வெள்ளை. வாத்துக்கும் சீஸுக்கும் இரண்டு பழைய சிவப்புகள். சர்க்கரைப் பாகில் வேகவைத்த பேரிக்காய்க்கு மட்டும் இன்னும் தேடுகிறோம். உணவைவிட ஒயின் இனிப்பாக இருக்க வேண்டுமாம். இல்லாவிட்டால் நாக்கில் கசந்துவிடுமாம்.

அவன் மாறிவிட்டான். நீ அதை நம்பக் கற்றுக்கொள்ள வேண்டும்.

அத்தை

* * *

பிப்ரவரி 24

அத்தை,

நலம் விசாரிக்க மறந்ததாக நினைக்க வேண்டாம். அவசரமாக எழுதுகிறேன்.

செருப்பை வரிசையாக வைத்தாரா? நீங்களே பார்த்தீர்களா?

மற்றவர்கள் குடித்தால் தள்ளாடுவார்கள், கத்துவார்கள், விழுவார்கள். தெருவே வந்து பார்க்கும். இவர் அப்படி இல்லை. இவர் குடித்தால் ஒழுங்காகிவிடுவார். மேல் பொத்தானைப் போட்டுக்கொள்வார். கோணலாக இருப்பதையெல்லாம் நேராக்குவார். குரல் இறங்கிவிடும். கேட்டதற்கெல்லாம் சரி என்பார். எந்த அம்மாவும் ஆசைப்படும் பிள்ளையாக ஆகிவிடுவார். அதனால்தான் ஹோட்டலில் அத்தனை பேர் இருந்தும் ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை. குடிக்காதபோதுதான் எரிந்துவிழுவார், துண்டைக் கட்டிலில் போடுவார், என் அண்ணனைக் கேலி செய்வார்.

வாளியை அவரே கழுவுகிறார் என்று எழுதினீர்களே. கழுவுவதற்குமுன் அதற்குள் என்ன இருந்தது என்று நீங்கள் ஒரு தடவையாவது பார்த்திருக்கிறீர்களா?

பதில் உடனே வேண்டும்.

மருமகள்

* * *

மார்ச் 14

அன்புள்ள மருமகளுக்கு,

ஆசீர்வாதம். பதில் தாமதமானதற்கு விருந்து வேலைதான் காரணம். நீயும் பாப்பாவும் சுகம் என்று நம்புகிறேன்.

நீ வீணாகக் கவலைப்படுகிறாய். வாளியை இப்போது நானே கழுவுகிறேன். அதில் இருக்க வேண்டியது இருக்கிறது.

மேசைவிரிப்புகள் வெளுத்து வந்துவிட்டன. ஒன்றின் ஓரத்தில் பழைய சிவப்புக் கறை போகவில்லை. அந்த ஓரம் சுவர்ப் பக்கம் வரும்படி விரிக்கச் சொல்லியிருக்கிறேன். பூக்களில் வாசனை உள்ளது ஒன்றுகூடக் கூடாது. வாசனை ஒயினைக் கெடுக்கும். வெள்ளையில் வாசனை இல்லாத பூவாகத் தேடிக்கொண்டிருக்கிறோம். எல்லா நாற்காலிக்கும் ஆள் சேர்ந்துவிட்டது. கடைசி ஒயினும் கிடைத்துவிட்டது.

வேறு விசேஷம் இல்லை. கையெழுத்து கொஞ்சம் கோணியிருந்தால் பேனா புதிது, அவ்வளவுதான்.

அத்தை

* * *

மார்ச் 20

அன்புள்ள அத்தைக்கு,

வணக்கம். நாங்கள் சுகம். நீங்கள் சரியாகச் சாப்பிடுகிறீர்களா? கடிதத்தில் உங்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

அவரைப் பற்றியும் இல்லை.

வாளியை நீங்கள் கழுவுவதாக எழுதியிருக்கிறீர்கள். நம்புகிறேன். நீங்கள் என்னிடம் கடுமையாகப் பேசியதுண்டு. கல்யாணத்தன்று என் புடவை மடிப்பைக் கூட்டத்துக்கு நடுவில் பிரித்துத் திரும்பக் கட்டிவிட்டவர் நீங்கள். ஆனால் பொய் சொன்னதில்லை. அதனால் நம்புகிறேன்.

ஏப்ரல் முதல் வாரம் பள்ளி திறக்கிறது. அப்பா வந்ததும் ஸ்கூட்டரில்தான் போவேன் என்று பாப்பா அடம் பிடிக்கிறாள். பாலத்தைத் தாண்டிப் போக வேண்டும். காலையில் அங்கே லாரிகள் அதிகம். இவள் பின்னால் உட்கார மாட்டாள், முன்னால் நின்றுகொண்டுதான் போவாள். அவர் வந்து சேர்ந்த மறுநாளே கூட்டிப்போகட்டும் என்று விட்டுவிட்டேன். நீங்கள்தான் எழுதிவிட்டீர்களே, கவலைப்பட ஒன்றும் இல்லை என்று.

விருந்து நன்றாக நடக்கட்டும்.

உங்கள்
மருமகள்

* * *

மார்ச் 30, ஞாயிறு

அன்புள்ள மருமகளுக்கு,

உனக்கும் பாப்பாவுக்கும் ஆசீர்வாதம். நான் உடம்பால் நலம்.

விருந்து நேற்று முடிந்தது. ஒரு நாற்காலியும் காலியாக இல்லை. தீக்காயப் பிரிவுக்குக் கட்டில்கள் வந்துவிடும். இதை முதலில் எழுதுவதற்குக் காரணம், இதற்குப் பிறகு எழுதப்போவதைப் படித்தபின் உனக்கு இது ஒரு பொருட்டாக இராது.

சின்னு குடிக்கிறான். நவம்பரிலிருந்து.

வாளியைப் பற்றி நீ கேட்ட கடிதம் வந்த அன்று மத்தியானம் ருசி பார்த்து முடிந்ததும் அவன் வாளியைத் தூக்கிக்கொண்டு எழுந்தான். நான் கை நீட்டினேன். "நான் கழுவறேன், கொடு" என்றேன். "இருக்கட்டும்மா" என்றான். நான் வாங்கிவிட்டேன். உள்ளே ஒரு சொட்டும் இல்லை. மூன்று பாட்டில் திறந்து ருசி பார்த்தவனின் வாளி, நான் துடைத்து வைத்தபடியே பளபளவென்று இருந்தது. என் முகம் அதில் தெரிந்தது. என் பக்கத்தில் உட்கார்ந்து, நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, துப்புவதுபோல் குனிந்து குனிந்து அவன் விழுங்கியிருக்கிறான். இத்தனை நாளும் நான் அவன் தொண்டையைக் காவல் காத்துக்கொண்டிருந்தேன்.

அவன் மறுக்கவில்லை. "அவகிட்ட சொல்லாதீங்கம்மா. சொன்னா பாப்பாவைத் தூக்கிட்டுப் போயிடுவா. விருந்து முடியட்டும், நானே நிறுத்திடறேன்" என்றான்.

விருந்து முடியட்டும் என்று நானும் சொன்னேன். அச்சடித்த அழைப்புகள் போயாகிவிட்டன. ஒயின் வியாபாரியின் நிபந்தனை இருந்தது. உன் மாமாவின் பெயர் அட்டையில் இருந்தது. இதற்கெல்லாம் மேலே, அவன் வீட்டை இழந்துவிடுவானே என்ற பயம். நான் வாளியைக் கழுவுவதாக உனக்கு எழுதினேன். கழுவியது உண்மை. அதில் இருக்க வேண்டியது இருப்பதாக எழுதியது பொய்.

அதற்குப்பின் ஒரு மாதம் இந்த வீட்டில் நானும் அவனும் மிக மரியாதையாக நடந்துகொண்டோம். அவன் மாடிப்படி இறங்கும் சத்தம் கேட்டால் நான் சமையலறைக்குப் போய்விடுவேன். அலமாரிச் சாவியைத் தலையணைக்குள் தைத்து வைத்தேன். பிறகு பார்த்தால் அலமாரியின் பின்பலகை திருகாணிகளைக் கழற்றி மாட்டும்படி இருந்தது. அதைக்கூட நேர்த்தியாகச் செய்திருந்தான்.

நேற்று அவன் கறுப்புக் கோட்டில் நின்றான். ஒவ்வொரு ஒயினையும் அறிமுகப்படுத்தினான். எங்கே விளைந்தது, அந்த ஆண்டு மழை எப்படி, இந்த வாத்துக்கு இது ஏன் என்று அவன் சொல்லச் சொல்ல, கரண்டியை வைத்துவிட்டுக் கேட்டார்கள். ஒரு சொல் குழறவில்லை. ஒரு சொட்டு விரிப்பில் சிந்தவில்லை. தலைமை மருத்துவர் என் பக்கம் குனிந்து, "இப்படி ஒரு பிள்ளை கிடைக்கக் கொடுத்து வச்சிருக்கணும்மா" என்றார். நான் தலையசைத்தேன். மேசைக்கு அடியில் என் கைத்துண்டை முறுக்கிக்கொண்டிருந்தேன்.

கடைசியில் காப்பி வந்தது. தட்டிலிருந்து ஒரு கோப்பையை எடுத்து, செயலாளர் அம்மாளைப் பார்த்துப் புன்னகைத்தபடி, அவர் பக்கத்தில் வைத்தான். அங்கே மேசை இல்லை. மேசையின் ஓரத்துக்கு ஒரு சாண் தள்ளி, வெறும் காற்றில், மெதுவாக, பிடியை அவர் வலக்கைப் பக்கம் திருப்பி வைத்துவிட்டு விரல்களை எடுத்தான். கோப்பை கீழே விழுந்து உடைந்தது. எல்லோரும் சிரித்தார்கள். "ராத்திரியெல்லாம் நிக்க வச்சா பாவம், அவர் என்ன பண்ணுவார்" என்றார் செயலாளர் அம்மாள். அவனும் சிரித்துக்கொண்டே துண்டுகளைப் பொறுக்கினான்.

விழுந்ததை அவர்கள் பார்த்தார்கள். வைத்ததை நான் பார்த்தேன். அங்கே மேசை இருக்கிறது என்பதில் அவனுக்குத் துளியும் சந்தேகம் இல்லை. பாலத்தையும் லாரிகளையும் அவன் முன்னால் நின்றுகொண்டு போகும் குழந்தையையும் பற்றி நீ எழுதியிருந்த வரிகள் அந்த நிமிடம் எனக்கு முன்னால் வந்து நின்றன. காப்பி ஆறிப்போனது. நான் குடிக்கவில்லை.

இன்று காலை பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்தான். "கிளம்பறேன்மா. பாப்பாவை இனிமே நான்தான் ஸ்கூல்ல விடணும், காத்துட்டிருப்பா."

"நீ போகல. நான் உன் பெண்டாட்டிக்கு எழுதப்போறேன்."

"எழுதினா எனக்கு வீடு இல்லம்மா."

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

"தெரிஞ்சுதான்."

அவன் கத்தியிருந்தால் நான் தாங்கியிருப்பேன். பெட்டியைச் சுவரோடு ஒட்டி நேராக வைத்துவிட்டு அதன்மேல் உட்கார்ந்தான். நான் இந்தக் கடிதத்தை இதுவரை எழுதி முடித்ததும், "போஸ்ட் பண்றதுக்கு முன்னாடி நான் படிக்கணும்" என்றான். கொடுத்தேன். முழுவதும் படித்தான். மேலே நான் 'பிப்ரவரியிலிருந்து' என்று எழுதியிருந்தேன். என் பேனாவை வாங்கி அதை அடித்துவிட்டு 'நவம்பரிலிருந்து' என்று எழுதினான். அந்த ஒரு சொல் அவன் கையெழுத்து. இங்கே வருவதற்கு முன்பே, உன் வீட்டில் இருக்கும்போதே, உன் பிள்ளையை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டிருந்தபோதே.

தலைமை மருத்துவரிடம் நானே பேசிவிட்டேன். கூடத்தின் நடுவில் நின்று, அவன் காதில் விழும்படி, பேசினேன். அவர் ஏற்பாட்டில், குடியை நிறுத்தச் சிகிச்சை தரும் மருத்துவமனையில் நாளைக் காலை அவனைச் சேர்த்துக்கொள்கிறார்கள். இந்தக் கடிதத்தை விரைவு அஞ்சலில் போடுகிறேன்.

மன்னிப்புக் கேட்டு உன்னைச் சங்கடத்தில் வைக்கப்போவதில்லை. நீ உன் அண்ணன் வீட்டுக்குப் போவதாக இருந்தால் போ. நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். பாப்பா மட்டும் பத்திரம்.

அத்தை

* * *

ஏப்ரல் 3

அன்புள்ள அத்தைக்கு,

வணக்கம். பாப்பா பத்திரமாக இருக்கிறாள். இதை முதலில் படியுங்கள்.

நவம்பரிலிருந்து அவள் ஸ்கூட்டரில் ஏறவே இல்லை. நான்தான் பாலத்தைச் சுற்றி நடத்திக் கூட்டிப்போகிறேன். எதிர்வீட்டுப் பெண்ணோடு நடந்து போக ஆசைப்படுகிறாள் என்று அவரிடம் சொன்னேன். அவரும் ஏன் என்று கேட்கவில்லை. ஒருநாள் மாலை வீட்டுக்கு வந்தவர், சுவரில் இருந்த நாள்காட்டியை நேராக்கிவிட்டு, எனக்குத் தேநீர் வேண்டுமா என்று கேட்டார். அவ்வளவுதான் நடந்தது. அடுத்த நாளிலிருந்து நடந்தோம்.

ஆனால் நான் அதற்குப் பெயர் வைக்கவில்லை. பெயர் வைத்தால் சொன்ன சொல்லைக் காப்பாற்ற வேண்டும், அண்ணன் வீட்டுக்குப் போக வேண்டும். தினமும் ஸ்கூட்டரில் விடுகிறார் என்று உங்களுக்கு எழுதினேன். என் புருஷன் நன்றாக இருக்கிறார் என்று உங்களிடம் காட்ட வேண்டும் என்று எனக்கு அவ்வளவு வீம்பு. உங்கள் அழைப்பு வந்தபோது நான் பலமாகத் தடுக்காததற்கும் அதுதான் காரணம். இரண்டு மாதம் அவர் உங்கள் கண்ணெதிரே இருப்பார், நான் பயப்படாமல் தூங்கலாம் என்று நினைத்தேன். அங்கே பாட்டில்கள் இருக்கும் என்று தெரிந்தே நினைத்தேன்.

லாரிகளைப் பற்றி எழுதியது உங்களுக்காகத்தான். கோணியிருந்த உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. நீங்கள் சொல்கிறீர்களா பார்க்கலாம் என்று எழுதினேன். பிள்ளையை வைத்து உங்களைப் பயமுறுத்தினேன். உங்கள் பதில் வந்து சேரும்வரை எனக்கும் ராத்திரி சோறு இறங்கவில்லை. நீங்கள் பேசாமல் அவரை ரயில் ஏற்றியிருந்தால், அவரோடு சேர்த்து உங்களையும் விட்டிருப்பேன்.

அவர் அடித்துத் திருத்திய இடத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். அவராகச் சொன்ன முதல் உண்மை அது. அதை வைத்து நான் எதையும் கட்டிவிட மாட்டேன். அண்ணனிடம் பேசியிருக்கிறேன், அறை தயாராக இருக்கிறது. போவேனா என்று கேட்காதீர்கள். தெரியவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது. போவதற்கும் பயம், இருப்பதற்கும் பயம்.

பாப்பாவை அண்ணியிடம் விட்டுவிட்டு அடுத்த வாரம் சனிக்கிழமை நான் மட்டும் வருகிறேன். அவரைக் கூட்டிப்போக வரவில்லை. பார்க்க வருகிறேன்.

எந்த வார்டு, எத்தனையாவது மாடி, பார்வை நேரம் எப்போது என்று எழுதுங்கள். உங்கள் முழங்காலைப் பற்றி எழுதுங்கள். அவர் எப்படி இருக்கிறார் என்று மட்டும் எழுத வேண்டாம் அத்தை. அந்த விஷயத்தில் உங்களையும் நம்ப முடியாது, என்னையும் நம்ப முடியாது. சேர்ந்து போய்ப் பார்ப்போம்.

உங்கள்
மருமகள்